சோப்புக்குப் பாடிய குயில்

“என் பொண்டாட்டி ரேடியோவுக்குள்ள இருந்து தட்டுறா சார்.”

வந்தவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னான். ட்ராம் ஓட்டுநரின் நீலச் சட்டை. ஜூலை வெயிலில் கழுத்துப்பட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

துப்பறியும் ரோலண்ட் பேனாவை மூடினான். எதிர் மேசையிலிருந்த அவன் உதவியாளர் டெஸ்ஸி வாயை மூடவில்லை.

“உள்ளே காத்து வருதாமா?”

“டெஸ்ஸி.”

“அக்கறையில கேட்டேன் பாஸ். எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள கரப்பான்பூச்சிகூட தங்கறதில்ல.”

வந்தவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருகிற இடத்தையெல்லாம் தாண்டி வந்தவன் என்று ரோலண்டுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. போன இலையுதிர்காலத்திலிருந்து ரோலண்டும் அங்கேதான் குடியிருக்கிறான். அலுவலகக் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கிகள். ஒன்றில் அவன் தொப்பி. இன்னொன்றில் அவன் மனைவியின் பச்சைத் தொப்பி, அவள் கடைசியாக மாட்டிய கோணத்திலேயே. டெஸ்ஸி தன் தொப்பியை மேசைமேல் வைத்துக்கொள்வாள். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

“பேரைச் சொல்லுங்க,” என்றான் ரோலண்ட்.

“எமில் ஹாஃப்னர். மலைமேல ஏறுற ட்ராம் ஓட்டுறேன். என் வீட்டுக்காரி தெக்லா.” குரலைத் தாழ்த்தினான். “அவதான் பெல்மேர் குயில்.”

டெஸ்ஸி நீளமாக விசிலடித்தாள்.

பெல்மேர் குயிலைத் தெரியாதவர் சின்சினாட்டியில் இல்லை. வியாழன் மாலை ஏழு மணி என்றால் தெருவில் நாய்கூட நடமாடாது. பெல்மேர் என்பது சோப்பு. வானொலியில் விலை சொல்வதும், வாங்குங்கள் வாங்குங்கள் என்று கூவுவதும் அநாகரிகம் என்று நிலையத்தார் நினைத்த காலம் அது. சோப்புக் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டுக்காரிக்கே சோப்பின் பெயரை வைத்துவிட்டார்கள். அறிவிப்பாளர் அவளைக் கூப்பிடும் போதெல்லாம் சோப்பு விற்றது. குயிலுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. வெளியே வந்தால் வெள்ளை முகத்திரை.

“கல்யாணம் ஆகாத பொண்ணுதான் வேணும்னாங்க சார்,” என்றான் எமில். “மர்மமா இருக்கணுமாம். மோதிரத்தைக் கழட்டுடின்னு நான்தான் சொன்னேன். ஒரு வருஷ ஒப்பந்தம். கம்பெனி செலவுல ஹோட்டல் ரூம். பாத்துக்கக் கூடாது, எழுதக் கூடாது, போன் பண்ணக் கூடாது. அதெல்லாம் நாங்களே வச்சுக்கிட்டது. மாட்டிக்கிட்டா வேலை போயிடும்ல.”

“அப்புறம் எப்படித்தான் விசாரிச்சுப்பீங்க?”

“கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மைக் கம்பத்துல ரெண்டு தட்டு தட்டுவா. மெதுவா. நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஊரெல்லாம் கேக்கும், எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“இப்ப தட்டலையா?”

“அதைத் தட்டுறா. ஆனா மூணு வாரமா பாட்டுக்கு நடுவுலயும் தட்டுறா.” எமில் விரலை மடக்கி மேசையில் தட்டிக் காட்டினான். வேகமாக மூன்று. ஓர் இடைவெளி. ஒன்று. பிறகு மூச்சுமுட்டுகிறவன் கதவை இடிப்பதுபோல நாலைந்து. “இப்படித்தான் சார். அதுக்கப்புறம் யாரோ உஸ்ஸுங்கறான். வாயை மூடுன்னு சொல்ற மாதிரி.”

டெஸ்ஸி நெற்றியைச் சுருக்கினாள். இங்கே வருமுன் தந்தி அலுவலகத்தில் இருந்தவள். “இது தந்தி பாஷைன்னா ‘முட்டை வேணாம்’னு அர்த்தம் பாஸ். இல்லேன்னா ஒரு அர்த்தமும் இல்ல.”

“நேர்ல போய்ப் பாக்கலையா?”

“ஸ்டூடியோ வாசல்ல நின்னேன். காவல்காரன் சிரிச்சான். குயிலோட புருஷன்னு சொல்லிக்கிட்டு இந்த மாசம் வந்ததுல நான் நாலாவது ஆளாம். ஹோட்டல்ல அப்படி ஒரு ஆளே இல்லைங்கறாங்க. போலீசுக்குப் போனா பேப்பர்ல வந்துடும். ஒண்ணுமில்லாம இருந்து நானே அவ வேலையைக் கெடுத்துட்டா?”

அவன் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

“பாத்தீங்கன்னா ஒண்ணு சொல்லுங்க சார். சமையலறைக்கு மஞ்சள் அடிச்சுட்டேன். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. வேலை போனா போகட்டும், வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இன்னிக்கு வியாழன். ஏழு மணிக்கு மறுபடி தட்டுவா. கேட்டுக்கிட்டு என்னால சும்மா உக்கார முடியாது.”

*

காக்ஸ்வெல் துணிக்கடையின் கீழ்த்தளத்தில் அன்று மத்தியானம் குயில் தரிசனம். வெள்ளை முகத்திரை, வெள்ளை உடை, பக்கத்தில் கோபுரமாக அடுக்கிய சோப்புகள். வரிசையில் நிற்கிறவர் ஒரு பெட்டி வாங்கினால் குயில் கை குலுக்கும். பேசாது.

“சோப்பு வாங்கினா குயில் இலவசம்,” என்றாள் டெஸ்ஸி. “குயில் வாங்கினா சோப்பு இலவசம்னா நான் ரெண்டு எடுத்துக்குவேன்.”

ரோலண்டின் முறை வந்தது. குயில் கை கொடுத்தாள். கொடுத்தவள் உடனே விடவில்லை. தன்னை அறியாமல் அவன் விரல்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து நுனிவரை நீவிவிட்டாள். அவன் கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

ரோலண்ட் குனிந்து மெதுவாகக் கேட்டான். “கையுறை விக்கிற பிரிவு எந்த மாடி?”

“மூணாவது,” என்றது முகத்திரை. அப்புறம், “ஐயோ.”

சாப்பாட்டு இடைவேளையில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து அவள் முகத்திரையைத் தூக்கிவிட்டுப் பிரெட்ஸல் ரொட்டியைக் கடித்தாள். பெயர் பேர்ள். கையுறைக்குள் பொடி தூவி வாடிக்கையாளர் கையில் மாட்டிவிட்டு மாட்டிவிட்டு வந்த பழக்கம் அது, யார் கையைக் கண்டாலும் நீவத் தோன்றும் என்றாள். குரல் பித்தளை அண்டா உருளுவதுபோல இருந்தது.

“அதனாலதான் என்னைப் பேசக் கூடாதுன்னுட்டாங்க. என் வேலை இதுதான். வியாழக்கிழமை ஆறரைக்கு முகத்திரையோட ஸ்டூடியோவுக்குள்ள நடந்து போகணும். பேப்பர்காரங்க பாக்கணும்ல. உள்ள போனதும் காவல்காரனோட சீட்டாடுவேன்.”

“நிஜக் குயில்?”

“சத்தியமா ஒரு தடவைகூட பாத்ததில்ல. ஏழு மணிக்குப் பாட்டு வரும். ஸ்டூடியோவுல நானும் அவனும்தான். வேற ரூம்ல இருந்து பாடுறான்னு சொன்னாங்க. நானும் ஒருநாள் அந்த வேற ரூமைத் திறந்து பாத்தேன். துடைப்பம்தான் இருந்துச்சு.”

“நல்லா பாடுற துடைப்பம்,” என்றாள் டெஸ்ஸி.

“எப்பலேர்ந்து இந்த வேலை?” என்றான் ரோலண்ட்.

“மார்ச்லேர்ந்து. அதுக்கு முன்னாடி அவளே வந்துக்கிட்டிருந்தாளாம்.”

வெளியே தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. டெஸ்ஸி நடையை வேகமாக்கினாள்.

“எங்கேயோ அடைச்சு வச்சிருக்காங்க பாஸ். பாடச் சொல்லி மைக்கை மட்டும் உள்ள விட்டிருக்காங்க. அவ சுவரைத் தட்டுறா. ஒருத்தன் உஸ்ஸுன்னு அதட்டுறான். எல்லாம் பொருந்துது.”

“அடைச்சு வச்சவங்க அந்தச் சத்தத்தை ஊர் முழுக்க ஒலிபரப்புவாங்களா?”

டெஸ்ஸி யோசித்தாள். “அது ஒண்ணுதான் பொருந்தல,” என்று ஒத்துக்கொண்டாள்.

*

ஸ்டூடியோ ஆற்றைப் பார்த்த கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. காவல்காரன் ரோலண்டை மேலும் கீழும் பார்த்தான்.

“அஞ்சாவது புருஷனா?”

“இவர் இல்ல, நான்தான்,” என்றாள் டெஸ்ஸி. “மீசையை இப்பதான் எடுத்தேன்.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்தவன் கதவையும் திறந்துவிட்டான். நிகழ்ச்சி மேலாளர் ப்ரூயிட் வரும்வரை உள்ளே உட்காரலாம் என்றான்.

எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கனத்த திரை. நடுவில் மைக் கம்பம். மூலையில் ஜன்னலடியில் பழைய மெத்தைவிரிப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கி எதையோ கட்டி வைத்திருந்தார்கள். இடுப்புயரம்.

“பாஸ்,” டெஸ்ஸி ஓரடி பின்வாங்கினாள். “கட்டிப்போட்டிருக்காங்க.”

ரோலண்ட் கயிற்றை நெகிழ்த்தி விரிப்பை விலக்கினான். உள்ளே இரும்பு. ரேடியேட்டர். குளிர்காலத்தில் கீழ்த்தளக் கொதிகலனிலிருந்து நீராவி ஏறி அறையைச் சூடாக்கும் குழாய்க்கட்டு. கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

“இதுக்கு எதுக்குப் போர்வை?”

“அதுவா?” காவல்காரன் வாசலில் சாய்ந்தான். “ஜனவரி கடைசில ப்ரூயிட் கட்டச் சொன்னது. காலையில ஆவி ஏறுறப்ப பேய் புகுந்த மாதிரி இடிக்கும் சார், சாயங்காலம்தான் அடங்கும். பாடுறவங்க அழுதுடுவாங்க. இப்ப வெயில்காலம், யாரும் அவுக்கல.”

ரோலண்ட் மண்டியிட்டான். விரலை மடக்கி இரும்பில் தட்டினான். வேகமாக மூன்று. ஓர் இடைவெளி. ஒன்று. பிறகு நாலைந்து.

“அதேதான்!” என்றான் காவல்காரன். “அச்சு அசல். அதுக்கப்புறம் வால்வு திறந்துக்கும் பாருங்க, உஸ்ஸுன்னு.”

ஜன்னலுக்கு வெளியே ஓஹையோ நதி வெயிலில் தகடாகக் கிடந்தது. டெஸ்ஸி சில்லிட்ட இரும்பைப் பார்த்தாள். நதியைப் பார்த்தாள்.

ரோலண்ட் விரிப்பைப் பழையபடி சுற்றி, கயிற்றை முடிந்தான். முடிச்சு சரியாக விழ இரண்டு முறை போட வேண்டியிருந்தது. மூன்று வாரமாக எமில் கேட்டது குளிர்காலத்தை.

ப்ரூயிட் குட்டையான மனிதர். கைக்குட்டையால் தலையைத் துடைத்தபடியே வந்தார்.

“ரெக்கார்டு எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டான் ரோலண்ட்.

“என்ன ரெக்கார்டு? பெல்மேர் குயில் நேரடியாப் பாடுறவங்க. ஒவ்வொரு வாரமும்...”

“ஒவ்வொரு வாரமும் ஜூலை மாசத்துல ஆவிக்குழாய் இடிக்குது மிஸ்டர் ப்ரூயிட். அடுத்த வாரம் அறிவிப்பாளரை இருமச் சொல்லுங்க, பொருத்தமா இருக்கும்.”

ப்ரூயிட் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

“சோப்பு எல்லா ஊர்லயும் விக்குது,” என்றார். “பொண்ணு ஒரு ஊர்லதான் இருக்கா. சிகாகோவுக்கும் டென்வருக்கும் டெலிபோன் கம்பி வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகல. ரெக்கார்டு பண்ணி அனுப்புன்னாங்க கம்பெனிக்காரங்க. ஜனவரி முழுக்க எடுத்தோம். காலையில ஆரம்பிச்சா இருட்டுற வரைக்கும். குழாய் இடிக்கும், திரும்ப எடுப்போம். அப்புறம் குழாயை மெத்தை போட்டுக் கட்டிட்டோம். கட்டினா ரூம்ல சூடு இல்ல. மேல்கோட்டைப் போட்டுக்கிட்டே பாடினா.”

“அப்புறம்?”

“இருமல் வந்துச்சு. அந்தக் குளிர்காலம் ஊரெல்லாம் ஃப்ளூ. பிப்ரவரியில...” அவர் ஜன்னலைப் பார்த்தார். “நிமோனியாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். யாருக்குச் சொல்லணும்மான்னு கேட்டேன். காய்ச்சல்ல என்னமோ மஞ்சள், மஞ்சள்னு சொன்னா. எங்களுக்குப் புரியல.”

டெஸ்ஸி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“அவளுக்குப் புருஷன் இருக்கான்,” என்றான் ரோலண்ட்.

“மிஸ்னு கையெழுத்துப் போட்டிருந்தாளே! யாருமில்லைன்னு சொன்னாளே!” ப்ரூயிட்டின் முகம் நிஜமாகவே வெளுத்தது. “நாங்க தேடினோம் சார். வடக்கே கல்லறையில நல்ல கல்லாத்தான் வச்சோம். மிஸ் தெக்லா ஓஸ்டர்னு பேர் போட்டு. வாசல்ல வந்து புருஷன்னு சொல்றவனையெல்லாம் எப்படி நம்புறது? மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க.”

வேலைக்காக இரண்டு பேர் சேர்ந்து சொன்ன ஒரு பொய். அதற்குள் நுழைய யாருக்கும் வாசல் இல்லை. ரோலண்டுக்கு இவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. கோபம் வரவில்லை.

“அவ செத்ததும் நிறுத்தியிருக்கலாமே?”

“பேர் கம்பெனியோடது சார். குயில் சாகல, அந்தப் பொண்ணுதான் செத்தா. அப்படித்தான் சொன்னாங்க.” ப்ரூயிட் மறுபடி தலையைத் துடைத்தார். “நல்ல ரெக்கார்டெல்லாம் ஜூன்ல தீந்துபோச்சு. குழாய்ச் சத்தம்னு ஒதுக்கினதைத்தான் இப்ப போடுறோம். இன்னிக்குப் போக ரெண்டு இருக்கு. செப்டம்பர்ல வேற குயில் வருது. ரெக்கார்டுன்னா ரெக்கார்டுன்னு சொல்லித்தான் போடணும்னு வாஷிங்டன் உத்தரவு. நீங்க புகார் குடுத்தா இன்னிக்கே எல்லாம் நின்னுடும்.”

“மிச்ச ரெக்கார்டை அந்த ஆளுக்குக் குடுக்கலாமே.”

“குடுத்தா எதுல போடுவார்? சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும். வீட்டு கிராமபோன்ல ஏறாது.”

ரோலண்ட் தொப்பியை எடுத்தான். “ஒண்ணு மட்டும். பாட்டு முடிஞ்சதும் ரெண்டு தட்டு கேக்குமே, அதை வெட்டிடாதீங்க.”

“அதுவா? எல்லா ரெக்கார்டுலயும் வருது. ஊசி எகிறுதுன்னுல்ல நினைச்சோம்.”

எல்லாவற்றிலும். ஆறு மாதம் கழித்து எந்த வியாழக்கிழமை எது ஓடும் என்று தெரியாமல், மேல்கோட்டோடு நின்று, இருமலுக்கு நடுவில், ஒவ்வொன்றின் கடைசியிலும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

*

எமிலின் வீட்டுக்குப் போகும் ட்ராம் மலையேறியது. பாதி வழியில், “எப்படிச் சொல்லப்போறீங்க பாஸ்?” என்று கேட்டாள் டெஸ்ஸி.

“எனக்குச் சொன்ன டாக்டர் முதல்ல நாற்காலியில உக்காரச் சொன்னார்,” என்றான் ரோலண்ட். “அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் நின்னுக்கிட்டே சொல்லுவேன்.”

எமிலின் சமையலறை மஞ்சளாக இருந்தது. வெண்ணெய் மஞ்சள். ஜன்னல் ஓரத்தில் கவனமாக, கோடு தப்பாமல். அலமாரியில் தட்டுகளுக்குப் பதில் சோப்பு. உறை பிரித்த வெறும் சோப்புகள், செங்கல்போல, கூரைவரை.

“உறையை அனுப்பினா அவ பாட்டு தொடரும்னு ரேடியோவுல சொல்வாங்க,” என்றான் எமில் சங்கடத்தோடு. “அவ வேலை நிலைக்கணும்ல. எல்லாத்தையும் நானே குளிச்சுத் தீக்க முடியல.” அவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “பாத்தீங்களா? எதுக்கு அப்படித் தட்டுறாளாம்?”

“தட்டுறது அவ இல்ல எமில். அது ஸ்டூடியோவுல இருக்கிற ஆவிக்குழாய். சூடு ஏறுறப்ப இடிக்கும். அப்புறம் உஸ்ஸுங்கும்.”

“ஓ.” எமிலின் தோள்கள் இறங்கின. சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. “குழாயா! நான் என்னென்னமோ நினைச்சு... எங்க வீட்டுக் குழாயும்தான் ஜனவரியில...”

நிறுத்தினான்.

மேசைமேல் ஈ ஒன்று உட்கார்ந்து எழுந்தது. எமில் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் விசிறிக்கொண்டிருந்தார். எமில் திரும்பி ரோலண்டைப் பார்த்தான். ரோலண்ட் தலையைத் தாழ்த்தவில்லை.

“எப்ப?” என்றான் எமில்.

“பிப்ரவரி. நிமோனியா. தனியா இல்ல, பக்கத்துல ஆள் இருந்திருக்காங்க. நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியல.”

“மோதிரத்தை நான்தான்...”

“ரெண்டு பேரும்தான்.”

எமில் கையை மஞ்சள் சுவரில் ஊன்றிக்கொண்டான்.

“கடைசில மஞ்சள்னு சொன்னாளாம்,” என்றான் ரோலண்ட்.

டெஸ்ஸி அடுப்பில் காப்பி வைத்தாள். ஏழாக ஒரு நிமிடம் இருக்கும்போது எமிலின் கை பழக்கத்தில் பெட்டியின் குமிழைத் திருப்பியது. திருப்பிவிட்டு அப்படியே நின்றது.

“நிறுத்திடவா?” என்றாள் டெஸ்ஸி.

“வேணாம்மா.”

பாட்டு வந்தது. இளம் குரல், கொஞ்சம் கரகரப்பு. ஆற்றில் போகும் படகைப் பற்றியது. நடுவில் குழாய் இடித்தது. மூன்று. ஒன்று. நாலைந்து. உஸ். எமில் அதைக் கேட்டு இப்போது திடுக்கிடவில்லை. கடைசி அடி தேய்ந்து, பியானோ ஓய்ந்தது. ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு மெதுவாக இரண்டு தட்டு.

“அது குழாய் இல்ல,” என்றான் எமில்.

“இல்ல,” என்றான் ரோலண்ட்.

எமில் விரலை மடக்கிப் பெட்டியின் மரத்தில் மெதுவாக இரண்டு முறை தட்டினான்.

அறிவிப்பாளர் உற்சாகமாக வந்துவிட்டார். பெல்மேர் குயில் அடுத்த வியாழனும் பாடுவாள். குயிலை விரும்புகிறவர்கள் மறவாமல் உறையை அனுப்புங்கள்.

“இன்னும் எத்தனை ரெக்கார்டு இருக்கு?” என்றான் எமில்.

“ரெண்டு வாரம். புகார் குடுத்தா இன்னிக்கே நின்னுடும். நீங்க சொல்றதுதான்.”

எமில் குனிந்தான். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து புதுச் சோப்பு ஒன்றை எடுத்தான். கிழியாமல் உறையைப் பிரித்தான். மடித்தான். அடுத்ததை எடுத்தான்.

டெஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். “எனக்கும் ஒண்ணு குடுங்க,” என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

எத்தனை உறை போனாலும் மிச்சமுள்ள இரண்டு இசைத்தட்டு மூன்றாகாது. மூவருக்கும் அது தெரியும். ரோலண்ட் தொப்பியைக் கழற்றினான். கதவுக்குப் பின்னால் கொக்கி இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு பெண்ணின் சமையல் ஏப்ரன் தொங்கியது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனும் ஒரு சோப்பை எடுத்து உறையைப் பிரிக்கத் தொடங்கினான்.